வராத தபால் ஓட்டுக்கும் மாற்றுச்சீட்டு கொடுங்கள்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தேர்தல் ஆணையர்களுக்கும் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் எங்கள் பள்ளிக்கு வரும் பணி ஆணைகளில் ஒவ்வொரு முறையும் என் பெயரும் இருக்கும். முதலில் வாக்குச்சாவடி அலுவலராகப் போனேன், கடைசி இரண்டு முறையும் தலைமை அலுவலர். முந்தின நாளே மெஷினையும் பையையும் வாங்கிக்கொண்டு லாரியில் ஏறி, தெரியாத ஊரில் பள்ளி வகுப்பறைத் தரையில் படுத்து, விடியும் முன்பே எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, ராத்திரி மெஷினை ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேர மறுநாள் ஆகிவிடும். இதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை, விரும்பித்தான் செய்கிறேன். ஊரே ஓட்டுப் போட நாங்கள் உட்கார்ந்து வழி செய்கிறோம், எங்கள் ஓட்டு தபால் ஓட்டு.

அந்தத் தபால் ஓட்டைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு விதியைப் பற்றித்தான் இந்த மடல். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் 26-ஆவது விதி. (தேர்தல் சமயத்தில் டிவியில் பேசுகிற நன்னடத்தை விதிகள் வேறு, இது வேறு. படிக்கிறவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.) கொடுத்த தபால் வாக்குச்சீட்டுக்குப் பதிலாக இன்னொன்று எப்போது தரலாம் என்று சொல்கிற விதி அது. இரண்டே சூழ்நிலைகளை அது ஏற்றுக்கொள்கிறது. ஒன்று, அனுப்பிய கவர் பட்டுவாடா ஆகாமல் அலுவலகத்துக்கே திரும்பி வந்துவிட்டால் மறுபடி அனுப்பலாம், வாக்காளர் கேட்டால் நேரிலும் கொடுக்கலாம். இன்னொன்று, வாக்காளர் கவனக்குறைவால் சீட்டையோ மற்ற தாள்களையோ பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட்டால், கெட்டுப்போன தாள்களைத் திருப்பிக் கொடுத்து, தெரியாமல் நடந்த தவறுதான் என்று தேர்தல் நடத்தும் அலுவலரைத் திருப்திப்படுத்திவிட்டு இரண்டாவது தொகுப்பு வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வந்த தாள்களை அவர் ரத்து செய்து, எண்ணைக் குறித்துத் தனிக் கட்டாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது, திரும்பியும் வரவில்லை, என் கைக்கும் வரவில்லை என்றால்? இதற்கு விதியில் ஒரு வரி கூட இல்லை.

2019 நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு நடந்தது இதுதான். எனக்கு ஓட்டு இருந்தது சொந்த ஊரில், வேலை பார்த்தது வேறு மாவட்டத்தில். அதே தொகுதிக்குள் பணி என்றால் தேர்தல் பணிச் சான்று வாங்கிக்கொண்டு பணி செய்கிற பூத்திலேயே ஓட்டுப் போட்டிருக்கலாம். வேறு தொகுதி என்பதால் முதல் பயிற்சி வகுப்பிலேயே, தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 12-ஐப் பூர்த்தி செய்து, பணி ஆணை நகலையும் வாக்காளர் அட்டை நகலையும் இணைத்துக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு முடிந்தது. சீட்டு வரவில்லை. நான் அப்போதும் பதறவில்லை, ஏனென்றால் அந்த முறை வாக்கு எண்ணிக்கை மே 23-ல்தான். எண்ணிக்கை தொடங்கும் காலை எட்டு மணிக்குள் கவர் போய்ச் சேர்ந்தால் போதும். முழுதாக 35 நாள் இருக்கிறதே, எப்படியும் வந்துவிடும் என்று இருந்தேன்.

பத்து நாள் பார்த்துவிட்டு, பஸ் ஏறி நேராகவே, சீட்டு அனுப்ப வேண்டிய தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள். அலுவலர் பதிவேட்டைத் திறந்து என் பெயரைக் காட்டினார். "சார், உங்களுக்கு அனுப்பியாச்சு, அடிக்கட்டை இருக்கு, பட்டியல்லயும் குறிச்சாச்சு." வரவில்லையே என்றேன். போஸ்ட் ஆபீஸில் கேட்கச் சொன்னார். அங்கே கேட்டேன், என் பெயருக்கு அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். மறுபடி இங்கே வந்தேன். இன்னொன்று கொடுங்கள், பழையது எப்போதாவது கிடைத்தால் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன், எழுதித் தருகிறேன், எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். விதியில் இடமில்லை என்றார். உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

நான் அந்த மேஜை முன் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு ஆசிரியை வந்தார். 13ஏ உறுதிமொழியில் போட வேண்டிய கையெழுத்தை அவசரத்தில் வாக்குச்சீட்டிலேயே போட்டுவிட்டாராம். அந்தச் சீட்டை வாங்கி ரத்து என்று எழுதி, கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு, புதுச் சீட்டும் கவர்களும் கொடுத்து அனுப்பினார்கள். கால் மணி நேர வேலை. அந்த அம்மாவுக்குக் கிடைத்ததில் எனக்கு மனதாரச் சந்தோஷம், அந்தப் படிவங்களில் யார் வேண்டுமானாலும் தடுமாறுவார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனைதான். கையில் கிடைத்துக் கெட்டுப்போன சீட்டுக்கு மாற்று உண்டு, கைக்கே வராத சீட்டுக்கு இல்லை. தன் பக்கம் எந்தத் தவறும் இல்லாதவருக்குத்தான் கதவு மூடியிருக்கிறது.

இத்தோடு முடியவில்லை. தபால் சீட்டு கொடுத்ததாக வாக்காளர் பட்டியலில் குறித்துவிட்டால் அந்த ஆள் பூத்தில் ஓட்டுப் போட முடியாது. இரண்டு ஓட்டு விழுந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, சரிதான், அதை நான் முழுக்க ஆதரிக்கிறேன். தலைமை அலுவலராக அப்படிக் குறியிட்ட பெயர்காரர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் சீட்டு வந்து சேராதவருக்கு அந்தக் குறி என்ன செய்கிறது? இரண்டு ஓட்டைத் தடுக்கப் போட்ட குறி, இருக்கிற ஒரு ஓட்டையும் எடுத்துவிடுகிறது.

பூத்தில் நடக்கிறதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் வரிசையில் நின்று உள்ளே வருகிறார், அவர் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இன்று தமிழ்நாட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும், விதி 49பி (49P) என்று சொல்வார்கள். கேள்வி கேட்டு, அடையாளத்தைச் சரிபார்த்து, திருப்தியானால் அவருக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு கொடுத்து, அதைத் தனி உறையில் வைக்க வேண்டும். அந்த ஓட்டு சாதாரணமாக எண்ணப்படாது, வழக்கு என்று வந்தால்தான் பயன்படும். இருந்தாலும், 'உங்கள் ஓட்டு போய்விட்டது, நீங்கள் வந்து கேட்டீர்கள்' என்பதற்கு ஒரு தாளும் ஒரு பதிவும் மிஞ்சுகிறது. தபால் ஓட்டைத் தொலைத்தவருக்கு அந்தத் தாள் கூட இல்லை. நான் அந்த அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் நின்றதற்கு எங்கேயும் பதிவு கிடையாது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது நிலைமை மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். மாறித்தான் இருக்கிறது. 2023-ல் உங்கள் பரிந்துரைப்படி மத்திய அரசு விதிகளைத் திருத்தி 18ஏ என்று புதிதாகச் சேர்த்தது. தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, வசதி மையத்தில்தான் வாங்கி, அங்கேயே ஓட்டுப் போட்டு, அங்கேயே ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் சீட்டை யாராவது கேட்டு வாங்குவது, பேரம் பேசுவது எல்லாம் இதனால் அடிபட்டது, நல்ல திருத்தம். தபால்காரர் கையில் தொலைகிற பேச்சும் எங்களைப் பொறுத்தவரை போய்விட்டது. ஆனால் சீட்டு ஒரு தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்கு, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் பயணப்படத்தானே வேண்டியிருக்கிறது? படிவம் 12 இங்கிருந்து அங்கே போகிறது, சீட்டு அங்கிருந்து இங்கே வருகிறது. 2024-ல் என்னோடு பணிக்கு வந்த ஒருவர் மையத்துக்குப் போனபோது அவருடைய சீட்டு அந்தக் கட்டில் இல்லை. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்கும் இல்லை. வேறு மையத்துக்குப் போயிருக்கலாம் என்றார்கள். மையம் மூடும் நாள் வந்துவிட்டது. அவர் பெயருக்கு நேராகவும் பட்டியலில் குறி விழுந்தாகிவிட்டது. சீட்டை அனுப்பியவர் அரசு அலுவலர், பெற்றுக்கொள்ள வேண்டியவர் அரசு அலுவலர், நடுவில் தொலைந்தால் அந்தப் பொறுப்பு வாக்காளர் தலையில். வாக்காளர் அந்தச் சீட்டைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை.

வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் முதியவர்கள் விஷயமும் இதற்கு நெருங்கின உறவுதான். 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் அலுவலர்கள் வீடு தேடி வருகிறார்கள். அருமையான ஏற்பாடு, படுக்கையிலேயே கிடக்கிறவர் வீட்டுக்கு ஓட்டுப்பெட்டியோடு ஒரு குழு வந்து நிற்பது சின்ன விஷயம் இல்லை. முதல் முறை ஆள் இல்லை என்றால் இரண்டாவது முறையும் வருவார்கள். அந்த இரண்டு நாளும் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் முடிந்தது. வாக்குப்பதிவு அன்று வீடு திரும்பி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பூத்துக்கு வந்தாலும் ஓட்டு கிடையாது. தலைமை அலுவலராக அப்படி ஒரு பாட்டியிடம் 'முடியாதும்மா' என்று சொல்கிற நிலை எனக்கு வரவே கூடாது என்று ஒவ்வொரு தேர்தலிலும் நினைத்துக்கொள்கிறேன்.

மாற்றுச்சீட்டு கொடுத்தால் ஒருவர் இரண்டு ஓட்டுப் போட்டுவிடுவார் என்பதுதான் இதற்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். நியாயமான பயம், அதைத் தட்டிக்கழிக்க நான் வரவில்லை. ஆனால் நம் தபால் ஓட்டு முறை முழுக்க எண்ணை வைத்தே நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு சீட்டுக்கும் வரிசை எண் இருக்கிறது. அதே எண்ணை 13ஏ உறுதிமொழியிலும் எழுதுகிறோம், சீட்டை வைக்கும் 13பி சிறிய கவரிலும் எழுதுகிறோம். எண்ணும் மேஜையில் பெரிய கவரைத் திறந்து முதலில் எடுப்பது 13ஏ-வைத்தான். அதில் இருக்கும் எண்ணும் 13பி கவரின் மேல் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், கையெழுத்து இல்லை என்றால், சான்றொப்பம் இல்லை என்றால், உள்ளே இருக்கும் ஓட்டைப் பார்க்காமலேயே தள்ளிவைத்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, ரத்து செய்த எண்களின் பட்டியல் ஒன்றை அந்த மேஜையில் வைத்தால் போதாதா? தொலைந்த கவர் கடைசி நாளில் எங்கிருந்தோ வந்து சேர்ந்தாலும், எண்ணைப் பார்த்ததும் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடலாம். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்ற ரகசியமும் கெடாது.

அடிக்கட்டைகளைக் கட்டி முத்திரை வைத்துவிடுவோமே, அப்புறம் தொலைந்த சீட்டின் எண்ணை எப்படித் தேடுவது என்று நடைமுறை தெரிந்த ஒருவர் கேட்கலாம். முத்திரை வைப்பதை மாற்றுச்சீட்டு கேட்பதற்கான கடைசி நாள் வரை தள்ளிவைக்கலாம், இல்லையென்றால் அதற்கென்று தனிப் பதிவேடு போடலாம். விதியையே திருத்தும்போது இதையும் சேர்த்துத் திருத்துவது பெரிய வேலை இல்லை.

வெளிநாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு அங்கே விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். பிரிட்டனில் தபால் ஓட்டு வந்து சேரவில்லை என்றாலோ தொலைந்துவிட்டது என்றாலோ, வாக்குப்பதிவுக்கு நான்கு வேலை நாள் முன்பிருந்து மாற்றுச்சீட்டு கேட்கலாம், வாக்குப்பதிவு அன்று மாலை ஐந்து மணி வரைக்கும் கூட. பழைய எண் ரத்துப் பட்டியலில் ஏறிவிடும். 2024 ஜூலைத் தேர்தலில் ஸ்காட்லாந்தில் தபால் சீட்டுகள் தாமதமாகி, பள்ளி விடுமுறைக்கு ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் தவித்தபோது, எடின்பரோ மாநகராட்சி அவசர மையம் திறந்து நேரிலேயே மாற்றுச்சீட்டு கொடுத்தது. ஜெர்மனி நம்மை மாதிரிக் கறாரான நாடு. கைக்கு வந்த பிறகு தொலைத்துவிட்டால் அங்கே மாற்று கிடையாது. ஆனால் கைக்கு வரவே இல்லை என்று நம்பும்படி உறுதி சொன்னால், வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் நண்பகல் 12 மணி வரை புதிய வாக்குச் சான்று வாங்கலாம், பழையது செல்லாதவை பட்டியலுக்குப் போகும். தொலைத்தவருக்கும் வராதவருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த விதி புரிந்துகொண்டிருக்கிறது. குறைந்தபட்சம் அந்த அளவுக்காவது நாம் போகலாமே.

தபால் ஓட்டு எத்தனை விழுந்துவிடப் போகிறது, அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ராதாபுரம் நமக்கு மறக்கவில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தள்ளுபடி செய்யப்பட்ட தபால் ஓட்டுகள் 203, காரணம் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பம் இட்டது செல்லுமா செல்லாதா என்பது. அந்தத் தலைமை ஆசிரியர்களுக்கு அதிகாரம் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது, ஐந்து வருடப் பதவிக்காலத்தில் மூன்று வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. அந்த முடிவை அறிவிக்கவும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மும்பை வடமேற்கில் வித்தியாசம் 48. தபால் ஓட்டுகளைப் பற்றி வருத்தப்பட வேண்டாத அளவுக்கு நம் தேர்தல்கள் எப்போதும் பெரிய வித்தியாசத்தில் முடிவதில்லை.

ஆக, நான் கேட்பது இதுதான். விதி 26-ல் மூன்றாவதாக ஒரு சூழ்நிலையைச் சேர்க்கச் சொல்லிச் சட்ட அமைச்சகத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள். சீட்டு தன் கைக்கு வரவில்லை என்று வாக்காளர் எழுத்தில் உறுதி கொடுத்தால், பழைய எண்ணை ரத்து செய்து, ஒரே ஒரு முறை மட்டும், நேரில் வந்து அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளும்படி மாற்றுச்சீட்டு கொடுக்கலாம். பொய் உறுதி கொடுத்தால் தண்டனை என்று அந்தப் படிவத்திலேயே அச்சிடுங்கள். மாற்றுச்சீட்டு கொடுக்க நேரம் இல்லாத கடைசி நேரம் என்றால், எண்ணை ரத்து செய்ததற்கு ஒரு சான்று கொடுத்து, பட்டியலில் இருக்கும் குறியை நீக்கி, பெயர் இருக்கிற பூத்தில் ஓட்டுப் போட விடுங்கள். தேர்தல் பணிச் சான்று என்ற ஒன்றை ஏற்கெனவே நாம் பூத்தில் வாங்கிக் கொக்கியில் கோத்து வைக்கிறோம், அதைப் போல இன்னொரு சான்று. 12டி கொடுத்து இரண்டு முறையும் வீட்டில் இல்லாதவருக்கும் இதே வழி பொருந்தும். அவர் பெயருக்கான சீட்டு அலுவலர்கள் கையிலேயே பத்திரமாக இருப்பதால் அங்கே சந்தேகத்துக்கும் இடமில்லை.

விதியை எழுதுவது மத்திய அரசு, நாங்கள் இல்லை என்று நீங்கள் சொன்னால் அதுவும் உண்மைதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 169-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் உங்களைக் கலந்துகொண்டுதான் எழுத வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 18ஏ அப்படித்தானே வந்தது? தவிர, சட்டம் ஒன்றும் சொல்லாமல் விட்ட இடத்தில் நேர்மையான தேர்தலுக்காகச் செயல்படும் அதிகாரம் அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவில் உங்களுக்கு இருக்கிறது என்று 1977 ஃபெரோஸ்பூர் தேர்தலை ஒட்டி வந்த மொகிந்தர் சிங் கில் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வராத சீட்டைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் திருத்தம் வரும் வரை ஒரு சுற்றறிக்கை போதும்.

இன்னொரு சின்ன விஷயம், இதற்கு விதி மாற்றமே தேவையில்லை. என் படிவம் 12 எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது, சீட்டு எந்தத் தேதியில் கிளம்பியது, எந்த மையத்துக்கு வந்தது என்று என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். கேஸ் சிலிண்டருக்கு வருகிறது, ரேஷனுக்கு வருகிறது. சீட்டு வரவில்லை என்பதை மையம் மூடும் நாளில் தெரிந்துகொள்வதற்கும் ஒரு வாரம் முன்பே தெரிந்துகொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சக ஆசிரியர்களுக்கும் வருவாய்த் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சீட்டு கிடைக்கவில்லை என்றால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் பெயர், பாகம் எண், வரிசை எண், படிவம் கொடுத்த தேதி எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். 2019-ல் நான் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் இந்த மடலோடு அந்த நகலையும் இணைத்திருப்பேன்.

அந்தக் கவர் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது போகட்டும். அடுத்த தேர்தலின் முதல் பயிற்சி வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் புது ஆசிரியர் படிவம் 12-ஐ நிரப்பிவிட்டு, "சார், இது வரலைன்னா என்ன பண்றது?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு விதி எண் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் பணிபுரிந்த ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர்